சுரண்டினாலும் போகாத எண்

குலசேகரம் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்து ஷெட்டில், தார்ப்பாய்க்கு அடியில், இரண்டு பேர் மட்டும் உட்காரக்கூடிய பழைய கார் ஒன்று கிடக்கிறதாம். விற்பவர் சொல்வது: எம்.ஜி. டி.சி., 1948 மாடல், ‘மேட்சிங் நம்பர்ஸ்’, நூற்றுக்கு நூறு ஒரிஜினல். வாங்க நினைப்பவர் நாகர்கோவில் வாசகர். அவர் கேட்டு எழுதியிருப்பது இது: “ஆர்.சி. புத்தகத்தில் இருக்கும் சேஸிஸ் நம்பரும் வண்டியில் இருக்கும் நம்பரும் ஒன்றுதான். பென்சில் பிரிண்ட் எடுத்தும் பார்த்துவிட்டேன். இதற்கு மேல் சரிபார்க்க என்ன இருக்கிறது?”

அட்வான்ஸ் கொடுத்துவிடாதீர்கள் என்று அன்றே பதில் அனுப்பினேன். மிச்சத்தை இங்கே எழுதுகிறேன். அவருடைய கேள்விக்குள், நான் பல வருடமாக ஆசையோடு படித்துவரும் ஓர் உலோக விஷயம் உட்கார்ந்திருக்கிறது.

முதலில் ஒன்றைப் பிரித்துக்கொள்ள வேண்டும். ‘இது அந்த வண்டிதானா?’ என்பது ஒரு கேள்வி. ‘அந்த வண்டியில் பழசு எவ்வளவு மிச்சம் இருக்கிறது?’ என்பது வேறு கேள்வி. விற்பவர்கள் இரண்டையும் ‘ஒரிஜினல்’ என்ற ஒரே சொல்லில் சுருட்டிக் கொடுத்துவிடுவார்கள். முதல் கேள்விக்கு எஃகு பதில் சொல்லும். இரண்டாவதற்கு மரமும் பெயின்ட்டும் காகிதமும் சேர்ந்துதான் பதில் சொல்ல முடியும்.

டி.சி. கார்களை இங்கிலாந்தின் ஆபிங்டன் ஊரில் 1945 முதல் 1949 வரை, சுமார் 10,000 எண்ணம் செய்தார்கள். 1,250 சி.சி. இன்ஜின், கம்பி ஆரம் வைத்த 19 அங்குலச் சக்கரம், எல்லா வண்டியிலும் ஸ்டீயரிங் வலப்பக்கம். சேஸிஸ் நம்பர் வரிசை 0251-ல் தொடங்கும். ஏன் 1-ல் தொடங்கவில்லை என்றால், அந்தத் தொழிற்சாலையின் டெலிபோன் நம்பர் ஆபிங்டன் 251. மாடல் வரிசையை அந்த எண்ணிலிருந்து ஆரம்பிப்பது அவர்கள் வழக்கம். ஆகவே டி.சி. 0100 என்று ஒரு நம்பரை யாராவது காட்டினால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம்.

சேஸிஸ் நம்பர் சட்டத்தின் முன்நுனியில் எஃகிலேயே அடிக்கப்பட்டிருக்கும். இன்ஜின் நம்பர் அப்படியில்லை. எண்கோணப் பித்தளைத் தகட்டில் அடித்து, அந்தத் தகட்டை இன்ஜினில் ரிவெட் வைத்துப் பொருத்தியிருப்பார்கள். ரிவெட்டைத் தட்டினால் தகடு எந்த இன்ஜினுக்கும் போகும். டி.சி.யில் இருந்த அதே எக்ஸ்.பி.ஏ.ஜி. இன்ஜின் குடும்பம் எம்.ஜி.யின் ஒய் டைப் செடானிலும், பிறகு வந்த டி.டி.யிலும் இருந்தது. இன்ஜின் மாறித் தகடு மட்டும் பழசாக இருக்கலாம். தகடே புதிதாக இருக்கலாம். ‘மேட்சிங் நம்பர்ஸ்’ என்பதற்கு நான் பெரிய மதிப்பு கொடுக்காததன் காரணம் இதுதான். வண்டியில் உள்ள நம்பரும் புத்தகத்தில் உள்ள நம்பரும் பொருந்துகின்றன என்பதை மட்டுமே அந்தச் சொல் சொல்கிறது. பொய்யாக அடித்தவரும் புத்தகத்தைப் பார்த்துத்தானே அடித்திருப்பார்?

நாகர்கோவில் டி.என். 74 ஆனாலும் மார்த்தாண்டம் டி.என். 75 ஆனாலும், ஆர்.டி.ஓ. ஆபீஸ் வாசலில் நின்றவர்களுக்குப் பென்சில் பிரிண்ட் தெரியும். நம்பர் மேல் மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து, மெல்லிய தாளை விரல்களால் இறுக்கிப் பிடித்து, பென்சிலைச் சாய்த்து மேலும் கீழும் தேய்ப்பார்கள். பள்ளமான இடம் வெள்ளையாக நிற்கும், சுற்றிலும் கறுப்பு ஏறும். எளிய, அருமையான முறை. எண்களுக்கு நடுவே உள்ள இடைவெளி, ஒரு எண் கொஞ்சம் சாய்ந்திருப்பது, ஒன்று மற்றதைவிட ஆழமாக இறங்கியிருப்பது எல்லாம் அதில் பதியும். கையில் எண் அடிக்கும் பஞ்ச் கருவியைப் பிடித்துச் சுத்தியலால் ஒவ்வொரு எண்ணாக அடித்த காலத்து வண்டியில் அந்தக் கோணலே நல்ல அடையாளம். ஆனால் பென்சில், மேற்பரப்பைத் தாண்டி ஒரு நூல் ஆழம்கூடப் போகாது. நமக்கு வேண்டிய கதை அதற்குக் கீழே இருக்கிறது.

எங்கள் வீட்டுப் பரணில் ஒரு பித்தளைச் சருவம் உண்டு. விளிம்புக்குக் கீழே ஆச்சியின் பெயர் புள்ளி புள்ளியாக வெட்டியிருக்கிறது. பெயருக்கு இடப்பக்கம் மூன்று விரல் அகலத்துக்கு உலோகம் சற்றே குழிந்து, மற்ற இடத்தைவிட வழவழப்பாக இருக்கும். அங்கே வேறு ஒரு பெயர் இருந்ததாகவும், சுரண்டிவிட்டு ஆச்சி பெயரை வெட்டியதாகவும் ஒரு பேச்சு. யார் பெயர் என்பதில் இரண்டு சித்திகளுக்கு இன்றும் இரண்டு அபிப்பிராயம்.

இந்தச் சருவத்தை விட எனக்கு மனசில்லை, ஏனென்றால் பழைய காரின் பிரச்சினை முழுவதும் அதில் இருக்கிறது. சருவத்துக்கு அடி தேய்ந்து ஒரு தடவை அடி மாற்றினார்கள். காரில் அது தரைத் தகடு. ஒடுக்கு எடுத்தார்கள்; காரில் அது டிங்கர் வேலை. வருடத்துக்கு ஒரு தரம் ஈயம் பூசினார்கள். காரில் பட்டி பார்த்துப் பெயின்ட் அடிப்பது. ஒரு காது உடைந்து வேறு பாத்திரத்துக் காதை வைத்தார்கள், அது கதவு. கல்யாணத்தில் எழுதிய சீர்வரிசை லிஸ்ட்தான் தொழிற்சாலையின் பதிவேடு. அந்த லிஸ்ட்டை மனப்பாடமாக வைத்திருக்கும் பெரிய சித்தி, எம்.ஜி. வண்டிகளின் பதிவுகளை வைத்திருக்கும் சங்கத்துக்குச் சமம். ஒரு கட்டத்தில் அடகுக் கடைக்குப் போய்த் திரும்பியிருக்கிறது. அதற்குச் சீட்டு இல்லை. பழைய காரிலும் இப்படிச் சீட்டு இல்லாத வருடங்களில்தான் எல்லாம் நடந்திருக்கும்.

இனி அந்தச் சுரண்டிய இடத்துக்குக் கீழே போவோம்.

எஃகில் ஒரு பஞ்ச் கருவியை வைத்து அடிக்கும்போது உலோகம் வெட்டுப்படுவதில்லை, நகர்கிறது. பள்ளத்தில் இருந்த உலோகம் கீழேயும் பக்கவாட்டிலும் தள்ளப்படுகிறது. பள்ளம் அரை மில்லிமீட்டர் என்றால் கலங்கிய பகுதி அதற்குக் கீழேயும் அதே அளவுக்கோ அதற்கு மேலோ இறங்கியிருக்கும். கிரைண்டர் வைத்து எண்ணைத் தேய்ப்பவர் கண்ணுக்குத் தெரியும் பள்ளம் மறையும்வரை தேய்ப்பார். அடியில் கலங்கிய எஃகு அப்படியே நிற்கும், எண்ணின் அதே வடிவத்தில்.

‘கலங்கிய’ என்றால் என்ன? பூதப்பாண்டிப் பக்கம் கயிறு பிடித்து நட்ட வயலை வரப்பில் நின்று பார்த்திருப்பீர்கள். வரிசை வரிசையாக நாற்று. உலோகத்தில் அணுக்கள் நிற்பதும் ஏறக்குறைய இப்படித்தான். இப்போது ஒரு வரிசை மட்டும் நடுவயல் வரை வந்து நின்றுபோகிறது என்று வையுங்கள். அதற்கு இரண்டு பக்கமும் உள்ள வரிசைகள் அந்த இடத்துக்கு மேல் மெல்ல நெருங்கி வந்து ஒன்றையொன்று அடுத்துக்கொள்ளும். வரிசை நின்றுபோன முனையைச் சுற்றி மட்டும் ஒரு பக்கம் நெருக்கம், ஒரு பக்கம் தளர்ச்சி. கொஞ்சம் தள்ளிப் போனால் வயலில் கோளாறே தெரியாது. உலோகத்தில் இந்த முனைக்குப் பெயர் டிஸ்லொகேஷன். தமிழில் பிறழ்வு என்று சொல்லிக்கொள்கிறேன். உலோகம் வளைவதும் நீளுவதும் பள்ளம் விழுவதும் எல்லாமே இந்த முனைகள் நகர்வதால்தான் என்று 1934-ல் டெய்லர், ஓரோவான், போலானி ஆகிய மூவர் தனித்தனியாகக் கண்டு சொன்னார்கள்.

அடிக்க அடிக்கப் பிறழ்வுகள் பெருகுகின்றன. பழுக்கக் காய்ச்சி மெதுவாக ஆறவிட்ட உலோகத்தில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 10 லட்சம் முதல் 10 கோடி வரை இருக்கும். நன்றாக அடிபட்டதில் 10,000 கோடியிலிருந்து ஒரு லட்சம் கோடி வரை போகும். ஒரு முனையைச் சுற்றியே நெருக்கடி என்றால், லட்சம் கோடி முனைகள் ஒன்றோடொன்று சிக்கிக்கொண்டு கிடக்கும் இடம் எப்படி இருக்கும்? சுத்தியல் அடியின் ஆற்றலில் பெரும்பகுதி சூடாகிப் போய்விடும். ஒரு சிறு பங்கு மட்டும் இந்தச் சிக்கலுக்குள் பூட்டப்பட்டு, யாராவது வந்து திறக்கும்வரை காத்திருக்கும். 1948-ல் ஆபிங்டனில் ஒரு தொழிலாளி அடித்த அடி, குலசேகரத்து ஷெட்டில் இன்றும் அந்த எஃகுக்குள் இருக்கிறது என்று சொன்னால் அது கவிதைக்காகச் சொன்னதாகாது. அதை அளக்கவே முடியும்.

திறக்கும் சாவி, துரு பிடிப்பதற்கும் காரணமான அதே வேதியியல். பள்ளிக்கூடத்தில் ஆணியைக் கடல்பாசிக் கூழில் போட்டு நிறம் மாறுவதைப் பார்த்திருப்பீர்கள்: தலையும் கூரும் நீலமாகும், நடுத்தண்டு இளஞ்சிவப்பாகும். தலையும் கூரும் ஆணி செய்யும்போது அடிபட்ட இடங்கள். அடிபட்ட இரும்பு தன் எலக்ட்ரான்களைச் சுலபமாக விட்டுக்கொடுக்கும், முதலில் கரையும். எண் அடித்த இடமும் அதே மாதிரி. சுற்றியுள்ள அமைதியான எஃகைவிட அடியில் கலங்கிய எஃகு அமிலத்தில் வேகமாக அரிபடும்.

இதைச் செய்வதற்கான அமிலக் கலவை ஒன்றை ஜெர்மனியின் க்ரூப் எஃகு ஆலையில் இருந்த அடோல்ஃப் ஃப்ரை 1921-ல் கண்டுபிடித்தார். அவர் தேடியது திருட்டுக் காரை இல்லை. எஃகில் அழுத்தம் எங்கே ஓடுகிறது என்பதை. காப்பர் குளோரைடு, ஹைட்ரோகுளோரிக் அமிலம், தண்ணீர். இன்றும் உலகம் முழுக்கத் தடயவியல் கூடங்களில் ஃப்ரை கலவை என்றுதான் பெயர்.

சில வருடம் முன் ஒரு கல்லூரியின் உலோகவியல் கூடத்தில் இதை என் கண்ணால் பார்த்தேன். உள்ளங்கை அளவு எஃகுப் பட்டை. அதில் அடித்திருந்த எண்ணைத் தேய்த்து, அடுத்தடுத்து நைஸான உப்புத்தாள் போட்டு, முகம் தெரியும் அளவுக்குப் பளபளப்பாக்கியிருந்தார்கள். விரலை வைத்துத் தடவினேன், ஒன்றும் இல்லை. ஒரு மாணவி கையுறை போட்டுக்கொண்டு, இடுக்கியில் பஞ்சை எடுத்து, பச்சை நிறக் கலவையில் நனைத்து, ஒரே திசையில் மெதுவாகத் துடைத்துக்கொண்டே இருந்தார். எஃகு முதலில் மங்கியது. செம்பு லேசாகப் படிந்தது, துடைத்தார். மறுபடி நனைத்தார். சில நிமிடம் எதுவும் நடக்கவில்லை. பிறகு சாம்பல் நிறத்தில் ஒரு கோடு, குறுக்கே இன்னொன்று. ஏழு. பக்கத்தில் மூன்றின் மேல் வளைவு. “சார், போட்டோ எடுங்க, இப்பவே எடுங்க” என்றார் அவர். அவசரத்துக்குக் காரணம் உண்டு: அரிப்பு மேலும் இறங்கினால் கலங்கிய பகுதியையே தின்று முடித்துவிடும், எண் போய்விடும். பல நேரம் ஈரத்தில் தெரிவது காய்ந்ததும் மறைவதும் உண்டு. தடயவியல்காரர்கள் ஒவ்வொரு கட்டத்தையும் படம் பிடித்துக்கொண்டே போவது இதற்காகத்தான்.

ஒரு எண்ணை அழித்து அதே இடத்தில் வேறு எண் அடித்திருந்தாலும் இது வேலை செய்யும். மேலே புதிய எட்டு, அதன் ஊடே பழைய மூன்றின் சாம்பல் நிழல். இரண்டு அடியும் எஃகில் இருக்கும்.

எல்லா உலோகமும் இவ்வளவு ஞாபகசக்தி உள்ளதில்லை. இன்ஜின் பிளாக் வார்ப்பிரும்பு. அது நகர்வதைவிட நொறுங்குவதை விரும்பும் ஜாதி, உள்ளே கிராஃபைட் சீவல்கள் வேறு குறுக்கே நிற்கும். அதில் எண் மீள்வது கஷ்டம். அலுமினியத்துக்கும் பித்தளைக்கும் வேறு கலவைகள் உண்டு. சருவத்தைக் கொண்டுபோய்ச் சோதிக்கலாம் என்று ஒரு நாள் பரணிலிருந்து இறக்கினேன். அம்மா வாங்கித் திரும்ப வைத்துவிட்டார். “பாயசம் வைக்க பாத்திரத்துலயா ஆசிட் ஊத்துவ? ஆருக்க பேரா இருந்தா என்னடே” என்றார். சித்திகளின் வழக்கு நிலுவையில் இருக்கிறது.

ஏமாற்றுபவர்களுக்கும் இந்த ரகசியம் தெரியும். எண் இருந்த இடத்தைக் கேஸ் வெல்டிங்கில் பழுக்கக் காய்ச்சினால் அணுக்கள் மறுபடி ஒழுங்காக வரிசை பிடித்துக்கொள்ளும்; ஞாபகம் அழிந்துவிடும். ஆனால் காய்ச்சியதே ஒரு தடயம். சூடுபட்ட எஃகின் உள்ளமைப்பு சுற்றுப்புறத்தைவிட வேறாக இருக்கும், அதையும் அமிலம் ஒரு வட்டமாகக் காட்டிக்கொடுக்கும். தொழிற்சாலையில் யாரும் சேஸிஸ் நம்பரை நெருப்பில் காட்டியதில்லை. இன்னொரு வழி, வேறு வண்டியின் எண் உள்ள துண்டை வெட்டியெடுத்து ஒட்டுவது. வெல்டிங் தையலைப் பட்டி வைத்து மறைப்பார்கள். பெயின்ட் தடிமன் பார்க்கும் சிறு காந்தக் கருவி அதன் மேல் போனதும் அளவு திடீரென்று எகிறும்.

2015-ல் அமெரிக்காவின் தேசியத் தர நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள், எலக்ட்ரான் நுண்ணோக்கியில் அணு வரிசைகளின் சாய்வைப் புள்ளி புள்ளியாக அளந்து, முழுக்கத் தேய்த்தழித்த முத்திரையை அமிலமே இல்லாமல் மீட்டார்கள். துருப்பிடிக்காத எஃகில் ஓர் எக்ஸ் குறி. அந்த ஆய்வு உண்மையிலேயே அழகானது. ஆனால் ‘இனி எந்தத் திருட்டு வாகனமும் தப்பாது’ என்ற ரீதியில் யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நுண்ணோக்கியின் வெற்றிட அறைக்குள் வைக்க வேண்டுமானால் உள்ளங்கைக்கும் சிறிய துண்டாக வெட்ட வேண்டும். காரின் சேஸிஸை வெட்டித்தான் அது அசல் என்று நிரூபிக்க முடியும் என்றால் வாங்கியவருக்கு என்ன மிஞ்சும்? போட்டோவைப் பார்த்தே ஒரிஜினாலிட்டி சொல்லும் செயற்கை நுண்ணறிவு, பிளாக்செயின் பாஸ்போர்ட் என்று வருபவற்றையும் இதே தட்டில்தான் வைப்பேன். பிளாக்செயினில் ஏற்றும் முதல் நாளே நம்பர் பொய்யாக இருந்தால், அந்தப் பொய் யாராலும் திருத்த முடியாத பொய்யாகிவிடும். அவ்வளவுதான் லாபம்.

இனி இரண்டாவது கேள்வி, பழசு எவ்வளவு மிச்சம் என்பது. அதற்கு வரலாறு கொஞ்சம் சொல்லியாக வேண்டும். 1929, 1930 இரண்டு வருடமும் லெ மான் பந்தயத்தில் ஜெயித்த பென்ட்லி ஸ்பீட் சிக்ஸ் ஒன்றுக்கு ‘ஓல்ட் நம்பர் ஒன்’ என்று பெயர். பிறகு பல தடவை சேஸிஸ், இன்ஜின், பாடி என்று மாறி மாறி, பந்தயத்தில் ஓடிய இரும்பில் மிகக் கொஞ்சமே மிஞ்சியது. 1990-ல் அதை ஒரு கோடி பவுண்டுக்குப் பேசியவர்கள், இது அந்த வண்டியே இல்லை என்று பின்வாங்க, வழக்கு லண்டன் உயர் நீதிமன்றத்துக்குப் போனது. நீதிபதி ஆட்டன் கொடுத்த தீர்ப்பின் சாரம்: இதை ஒரிஜினல் என்று சொல்ல முடியாது, ஆனால் அறுபது வருடமும் இடையறாமல் ஒரே வண்டியாக இருந்து மாறி வந்திருப்பதால் இதுவே ஓல்ட் நம்பர் ஒன். சுசீந்திரம் தேருக்குச் சக்கரம் மாற்றினால் அது வேறு தேர் என்று யாரும் சொல்வதில்லை. அந்தத் தீர்ப்பு நமக்குப் புரிவதற்கு இது போதும். அந்த வண்டியைக் காப்பாற்றியது, எந்தப் பாகம் எப்போது மாறியது என்று இருந்த பதிவுகள்.

அதனால் குலசேகரத்து வண்டியில் நான் அடுத்துப் பார்க்கச் சொன்னது மரத்தை. டி.சி.யின் பாடி, மரச் சட்டத்தின் மேல் தகடு போர்த்தியது. ஆபிங்டனில் போட்டது ஆஷ் மரம். வெளுப்பு நிறம், வளைந்து கொடுக்கும், கிரிக்கெட் ஸ்டம்புக்கும் பயன்படுவது. மேற்குக் கடல் காற்றும் இரண்டு மழையும் கறையானும் உள்ள நம் மாவட்டத்தில் அது எழுபது வருடம் தாங்கியிருந்தால் ஆச்சரியம். வண்டியை வைத்திருந்தவர்கள் தேக்கையோ அயனியையோ வைத்து மாற்றியிருப்பார்கள். வள்ளமும் வீட்டு உத்திரமும் செய்யும் ஆசாரிமார் கையில் அயனி கிடைக்கும்போது வேறு எதை வைப்பார்கள்? கதவுச் சட்டத்தின் உள்பக்கம் ஓரிடத்தில் பெயின்ட்டைச் சுரண்டி ஓர் ஆசாரியிடம் காட்டினால் போதும். மஞ்சள் பாய்ந்த அயனியை அவர் தூரத்திலேயே சொல்லிவிடுவார். ஆஷ்தான் என்று விற்பவர் சாதித்தால் இன்னொரு வழியும் உண்டு. அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் கார்பன்-14 ஏறி 1963 வாக்கில் வட அரைக்கோளத்தில் ஏறத்தாழ இரண்டு மடங்கானது. அதற்குப் பிறகு வளர்ந்த மரத்தில் அந்த முத்திரை இருக்கும். 1948 வண்டியின் மரத்தில் அது இருந்தால் மரம் பிறகு வந்தது. ஆனால் ஒரு கதவுச் சட்டத்துக்காக அந்தச் சோதனைக்குச் செலவழிக்க வேண்டாம் என்பதே என் யோசனை.

அயனி மரம் இருந்தால் அந்த வண்டி கெட்டுப்போனது என்று நான் நினைக்கவில்லை. எந்த ஆசாரி, எந்த வருடம் என்று ஒரு துண்டுச் சீட்டு இருந்தால் அது எனக்கு இன்னும் நல்ல வண்டி. ‘நூற்றுக்கு நூறு ஒரிஜினல்’ என்று சொல்லி அயனியைக் கறுப்புப் பெயின்ட் அடித்து மறைத்திருந்தால், அதை மறைத்தவர் வேறு எதை மறைத்திருப்பார் என்றுதான் யோசிப்பேன்.

நம் சட்டமும் இப்போது இதைக் கேட்கிறது. 2021 ஜூலையில் மத்திய மோட்டார் வாகன விதிகளில் வின்டேஜ் வாகனங்களுக்கென்று தனிப் பகுதி சேர்த்தார்கள். முதல் பதிவிலிருந்து 50 வருடம் தாண்டிய, சேஸிஸ், பாடி, இன்ஜின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் செய்யாத வண்டிகளுக்கு ‘வி.ஏ.’ என்ற எழுத்தோடு தனி நம்பர். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், பத்து வருடம் செல்லும். கண்காட்சி, பேரணி, பழுதுபார்ப்பு போன்றவற்றுக்கு மட்டுமே ரோட்டில் ஓட்டலாம். ‘மாற்றம் செய்யாத’ என்பதற்குள் அயனிச் சட்டம் அடங்குமா? அடங்க வேண்டும் என்பது என் கட்சி. ஓர் ஊரின் ஈரத்துக்கும் கறையானுக்கும் ஈடுகொடுத்து வண்டியைக் காப்பாற்றிய வேலை அது.

இன்னொரு எச்சரிக்கையும் வாசகருக்கு எழுதினேன். கடலோர வண்டியில் மறுபடி அடித்த நம்பர் எல்லாம் களவு ஆகாது. குளச்சல், முட்டம் பக்கத்து உப்புக் காற்றில் சேஸிஸ் நம்பர் துருவாகவே உதிர்ந்துபோகும். ஆணிக் கதைதான்: அடிபட்ட இடம் முதலில் துருப்பிடிக்கும், ஆகவே நம்பர்தான் முதலில் போகும். அப்போது ஆர்.டி.ஓ. அனுமதியோடு மறுபடி பஞ்ச் செய்வது உண்டு. அதற்குக் காகிதம் இருக்கும். காகிதம் இல்லாத மறு பஞ்ச்தான் கவலைக்குரியது.

காகிதத்தைத் தேடும்போது நம் மாவட்டத்துக்காரர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். 1956 நவம்பர் 1 வரை இது திருவிதாங்கூர்–கொச்சி. 1948-ல் இங்கே ஒருவர் கார் வாங்கியிருந்தால் முதல் பதிவு திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் நடந்திருக்கும். சென்னை ராஜ்ஜியத்துப் பதிவில் தேடினால் கிடைக்காது. வண்டியின் முதல் எட்டு வருடக் காகிதம் களியக்காவிளைக்கு அந்தப்புறம், மலையாளத்திலோ இங்கிலீஷிலோ இருக்கலாம். அதைப் படிக்கத் தெரிந்த ஒரு பழைய ஆபீஸ் குமாஸ்தா, எந்தக் கருவியையும்விட உதவுவார்.

தமிழ்நாட்டில் இந்தச் சோதனைகள் எம்.ஜி.யைவிட அதிகம் தேவைப்படுவது ஸ்டாண்டர்டு ஹெரால்டுக்கு. 1961 முதல் சென்னையில், வண்டலூர் பக்கம், ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் செய்த வண்டி. மற்ற கார்கள் பாடியையும் சேஸிஸையும் ஒன்றாக்கிவிட்ட காலத்தில் ஹெரால்டுக்கு மட்டும் தனிச் சேஸிஸ். கூரைகூட போல்ட்டில்தான் நிற்கும். கழற்றினால் திறந்த கார். அதே சேஸிஸை அடிப்படையாக வைத்துத்தான் இங்கிலாந்தில் டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் ஸ்போர்ட்ஸ் கார் 1962-ல் வந்தது. இரண்டையும் வரைந்தது மிக்கெலோட்டி. சோழவரத்தில் பழைய விமான ஓடுதளத்தின் மேல் பந்தயம் நடந்த காலத்தை நினைத்து உருகும் மனிதரிடம், கூரை கழற்றிய செடான் ஒன்றை ‘அந்தக் கால ஸ்போர்ட்ஸ் மாடல்’ என்று விற்பது கஷ்டமே இல்லை. கூரை இருந்த இடத்து போல்ட் ஓட்டைகளைத் தேடுங்கள். பட்டி வைத்து அடைத்திருந்தாலும் காந்தம் அங்கே ஒட்டாது.

போன வாரம் வாசகரிடமிருந்து மறு கடிதம், கூடவே படங்கள். இருட்டிய பிறகு டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்து எடுத்திருக்கிறார், நான் சொன்னபடி. நான்கு எண்களில் முதல் மூன்றும் கொஞ்சம் கொஞ்சம் கோணல், ஆழம் ஏறக்குறைய சமம். கடைசி ஏழு மட்டும் நிமிர்ந்து, விளிம்பு கூர்மையாக நிற்கிறது. அதைச் சுற்றி எஃகு லேசாகக் குழிந்த மாதிரியும் இருக்கிறது, நிழலாகவும் இருக்கலாம். படத்தை வைத்து நான் தீர்ப்புச் சொல்ல மாட்டேன்.

அமிலம் வைக்க விற்பவர் சம்மதிக்கவில்லை. அவர் பக்கமும் நியாயம் இருக்கிறது. அது அடையாளம் விட்டுப்போகும். ஆனால் எஃகில் அடிபட்ட இடம் காந்தத்துக்கும் வேறு மாதிரி இணங்கும். வலுவான காந்த நுகத்தை (யோக்) நம்பரின் இரு பக்கமும் வைத்து, நைஸான இரும்புத்தூள் கலந்த மையைத் தெளித்தால், தேய்த்தழித்த கோடுகளின் மேல் தூள் ஒதுங்கி நிற்பதுண்டு. அமிலத்தின் அளவுக்குத் துல்லியம் இல்லை, ஆனால் துடைத்தால் வண்டி பழையபடி. அதற்கு எங்கேயும் போக வேண்டாம். கல்ஃப் ரிஃபைனரிகளில் குழாய் வெல்டிங்கை இதே முறையில் சோதிக்கும் என்.டி.டி. (பொருளைச் சேதப்படுத்தாத சோதனை) பையன்கள் நம் ஊரில் தெருவுக்கு ஒருவர். வாசகரின் பக்கத்து வீட்டுத் தம்பி லீவுக்கு வந்திருக்கிறாராம், யோக் ஒன்றை இரவல் வாங்கித் தருவதாகச் சொல்லியிருக்கிறார். விற்பவரும் இதற்குச் சரி என்றுவிட்டார். வருகிற ஞாயிறு காலை, ஷெட் கதவைச் சாத்தி, அந்த ஏழின் மேல் மை தெளிக்கப் போகிறார்கள். நானும் பஸ் ஏறுகிறேன்.